என்.எச்.எல். தொடங்கியபோது எத்தனை அணிகள்? வாயனசாலை வினாடி வினாவில் தகராறு

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. ஓணத்துக்கு வாயனசாலையில் (எங்கள் ஊர் நூலகம்) வினாடி வினா வைத்தோம். தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள், கேள்வியை இரண்டு மொழியிலும் வாசிப்போம். கடைசிச் சுற்று விளையாட்டு. மாஷ் (எங்கள் வாத்தியார்) தயாரித்த கேள்வி இதுதான்: "வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். தொடங்கப்பட்டபோது இருந்த ஆறு அணிகளில் ஏதாவது மூன்றைச் சொல்லவும்." அட்டையில் எழுதியிருந்த விடை: மான்ட்ரியால் கனேடியன்ஸ், டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ், பாஸ்டன் புரூயின்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ், சிகாகோ பிளாக் ஹாக்ஸ், டெட்ராய்ட் ரெட் விங்ஸ்.

ஒரு பையன் பாஸ்டன், சிகாகோ, டெட்ராய்ட் என்று கடகடவென்று சொன்னான், மார்க் கொடுத்தாயிற்று. எதிர் அணியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து "சார், கேள்வியே தப்பு, தொடங்கியபோது ஆறு அணி கிடையாது, நாலுதான், அமெரிக்க அணி ஒன்றுகூட இல்லை" என்கிறாள். எங்களில் ஒருத்தருக்கும் ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது, ஐஸை நேரில் பார்ப்பது சர்பத் கடையில்தான். அந்த ஒரு மார்க்கில்தான் முதல் பரிசு நிற்கிறது. இரண்டு வீட்டுக்காரர்களும் வாயனசாலைக்கு வேண்டியவர்கள். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் கமிட்டியில் வாசித்துக் காட்டிவிடுவேன்.

புத்தூர் ரயிலடி:

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. மார்க்கைக் கொடுத்துவிடுங்கள். மாஷ் சொன்ன ஆறும் ஒரு காலத்தில் இருந்த ஆறு, ஆனால் அது தொடக்கம் இல்லை, நடுவில் வந்த காலம்.

நான் சித்தூர்ப் பக்கத்துப் புத்தூர்க்காரன், ரேணிகுண்டா லைனில் வேலை. ராத்திரி டியூட்டியில் பழைய லீக் கதைகளைப் படிப்பது பழக்கம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்.எச்.எல். பிறந்தது 1917 நவம்பர் 26, மான்ட்ரியாலில் வின்ட்சர் ஹோட்டலில். பிறந்ததே ஒரு ஆளை வெளியே தள்ளத்தான். அதற்கு முன்னால் என்.எச்.ஏ. என்று ஒரு சங்கம் இருந்தது. அதில் டொரான்டோ அணியின் முதலாளி எடி லிவிங்ஸ்டன், மற்ற முதலாளிகள் யாருக்கும் அவரோடு ஒத்துப்போகவில்லை, எதற்கெடுத்தாலும் சண்டை, கோர்ட். முதல் உலகப் போர் நடக்கிற நேரம் வேறு, 228வது பட்டாளம் என்று ராணுவத்துக்காரர்களே ஒரு அணியாக அந்தச் சங்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1917 பிப்ரவரியில் அவர்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் ஐந்து அணி, ஒற்றைப்படை, அட்டவணை போட முடியாது என்று காரணம் சொல்லி லிவிங்ஸ்டன் அணியையும் தூக்கிவிட்டார்கள். அப்போதும் மனுஷன் விடுகிற மாதிரி இல்லை. சங்கத்திலிருந்து அவரை நீக்க விதி இடம் கொடுக்காதபோது மற்றவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? சங்கத்தை அவரிடமே விட்டுவிட்டு இவர்கள் எழுந்துபோய்ப் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். அதுதான் என்.எச்.எல். முதல் தலைவர் ஃபிராங்க் கால்டர்.

இப்போது எண்ணிக்கை. அந்தக் கூட்டத்தில் பெயர் கொடுத்தவை மான்ட்ரியால் கனேடியன்ஸ், மான்ட்ரியால் வாண்டரர்ஸ், ஒட்டாவா செனட்டர்ஸ், கியூபெக் புல்டாக்ஸ், அப்புறம் டொரான்டோவில் அரங்கக் கம்பெனி நடத்திய ஒரு அணி. ஆக ஐந்து. கியூபெக்கிடம் காசில்லை, அந்த வருஷம் ஆடவில்லை, அவர்களுடைய ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். ஆக களத்தில் இறங்கியது நான்கு. டிசம்பர் 19ஆம் தேதி முதல் ஆட்டங்கள். வாண்டரர்ஸ் டொரான்டோவை 10க்கு 9 என்று அடித்தது, கனேடியன்ஸ் ஒட்டாவாவை 7க்கு 4. கனேடியன்ஸுக்கு ஐந்து கோல் போட்ட ஜோ மலோன், கியூபெக்கிலிருந்து வந்த ஆள்தான். அந்த சீசனில் 20 ஆட்டத்தில் 44 கோல் போட்டார். அப்போது ஆட்டங்களே குறைவு, ஆனாலும் ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல் என்ற கணக்கை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

நான்கும் நீடிக்கவில்லை. 1918 ஜனவரி 2ஆம் தேதி வெஸ்ட்மவுண்ட் அரங்கம் எரிந்துபோனது. இரண்டு மான்ட்ரியால் அணிகளுக்கும் வீடு அதுதான். கனேடியன்ஸ் வேறு சின்ன அரங்கத்துக்குப் போய்விட்டது. வாண்டரர்ஸ் அதோடு கடையை மூடியது. அவர்கள் அந்த லீகில் ஜெயித்தது முதல் நாள் ஆட்டம் ஒன்றே ஒன்று. மிச்சம் மூன்று அணிகளை வைத்து சீசனை முடித்து, டொரான்டோ ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையும் வாங்கிவிட்டது. பாருங்கள், டொரான்டோவுக்கு அப்போது மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயர்கூட இல்லை. அரீனாஸ் ஆகி, 1919ல் செயின்ட் பேட்ரிக்ஸ் ஆகி, 1927ல் கான் ஸ்மைத் வாங்கிய பிறகுதான் மேப்பிள் லீஃப்ஸ்.

பாஸ்டன் வந்தது 1924. அமெரிக்காவிலிருந்து வந்த முதல் அணி அது. ரேஞ்சர்ஸ், சிகாகோ, டெட்ராய்ட் மூன்றும் 1926. அந்தப் பையன் சொன்ன மூன்றில் ஒன்றுகூடத் தொடக்கத்தில் கிடையாது.

செக்போஸ்ட் சேட்டன்:

புத்தூர் அண்ணா சொல்வது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் உலகம் முழுக்க அந்த ஆறைத்தான் ஒரிஜினல் சிக்ஸ் என்று சொல்கிறார்கள், லீகே அப்படித்தான் விளம்பரம் செய்கிறது. பையன் படித்ததைச் சொன்னான். கேள்வி கேட்டவர் எதை எதிர்பார்த்தாரோ அதைச் சொன்னவனுக்கு மார்க், அதுதான் வினாடி வினா முறை. நாளைக்கு இன்னொருத்தர் வந்து மூன்று என்பார், ஐந்து என்பார், கமிட்டி என்ன விடிய விடிய உட்கார்ந்திருக்குமா?

புத்தூர் ரயிலடி:

சேட்டா, கேள்வி "ஒரிஜினல் சிக்ஸ் எவை" என்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "தொடங்கியபோது" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அடைமொழி 1967ல் புது அணிகள் வந்த பிறகு பழையவற்றைப் பிரித்துச் சொல்ல வந்தது. 1942லிருந்து 1967 வரை 25 வருஷம் அந்த ஆறுதான் இருந்தன, அதனால் ஒட்டிக்கொண்டது.

ஆறு எப்படி ஆறானது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. ஏறி ஆறு ஆகவில்லை, இறங்கி ஆறு ஆனது. 1926ல் பத்து அணிகள் இருந்தன!

கியூபெக் 1919ல் ஒரு சீசன் ஆடிவிட்டு ஹாமில்டனுக்குப் போய் டைகர்ஸ் ஆனது. 1924-25ல் பட்டியலில் முதலிடம். அந்த வருஷம் ஆட்டங்களை 24லிருந்து 30 ஆக்கியிருந்தார்கள், ஆனால் சம்பளம் அதேதான். ஆட்டக்காரர்கள் ஆளுக்கு 200 டாலர் கூடுதலாகக் கொடுத்தால்தான் இறுதிக் கட்டத்தில் ஆடுவோம் என்று ஸ்ட்ரைக் செய்தார்கள். கால்டர் அசையவில்லை. அத்தனை பேரையும் சஸ்பெண்ட் செய்தார், முதலிடம் பிடித்த அணி கோப்பைக்கு ஆடாமலே முடிந்தது. அடுத்த சீசனுக்குள் ஆட்டக்காரர்களை மொத்தமாக 75,000 டாலருக்கு நியூயார்க்குக்கு விற்றாகிவிட்டது. வாங்கியவர் பில் டுவையர், மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்திப் பணக்காரரானவர். அணிக்குப் பெயர் நியூயார்க் அமெரிக்கன்ஸ். ஹாமில்டனுக்கு அதற்கப்புறம் இன்றுவரை என்.எச்.எல். அணி வரவில்லை.

அமெரிக்கன்ஸ் ஆடியது மேடிசன் ஸ்கொயர் கார்டனில். கூட்டம் வருவதைப் பார்த்த கார்டன் முதலாளி டெக்ஸ் ரிக்கர்டு, நமக்கே ஒரு அணி இருந்தால் என்ன என்று 1926ல் ரேஞ்சர்ஸைக் கொண்டுவந்தார். வாடகைக்காரர் அமெரிக்கன்ஸ், வீட்டுக்காரர் பிள்ளை ரேஞ்சர்ஸ், யார் பிழைப்பார்கள்? ரேஞ்சர்ஸ் இரண்டாவது சீசனிலேயே கோப்பை வாங்கியது. அமெரிக்கன்ஸை 1936ல் லீகே எடுத்து நடத்தவேண்டி வந்தது, 1942ல் மூடினார்கள்.

நடுவில் பொருளாதார மந்தம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பிலடெல்ஃபியாவுக்குப் போய் குவேக்கர்ஸ் என்று 44 ஆட்டம் ஆடி 4 ஜெயித்து மறைந்தது. நான்கு கோப்பை வாங்கிய ஒட்டாவா 1934ல் செயின்ட் லூயிஸுக்குப் போய் ஈகிள்ஸ் ஆகி ஒரே வருஷத்தில் போய்விட்டது. இரண்டு கோப்பை வாங்கிய மான்ட்ரியால் மரூன்ஸ் 1938ல். தப்பித்து மிஞ்சியது ஆறு.

மார்த்தாண்டம் ஐஸ் பிளான்ட்:

மக்கா, நான் ஹாக்கிக்காரன் இல்லை, ஐஸ்காரன். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், மீன் ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் பார்க்கிறேன். தலைப்பில் ஐஸ் என்று பார்த்து உள்ளே வந்தேன்.

உங்கள் கதையில் அரங்கம் எரிந்தது, அரங்கம் மாறியது என்றுதானே எல்லாத் திருப்பமும் வருகிறது. அதுக்கு அடியில் என் தொழில் இருக்கு. பழைய காலத்தில் கனடாவில் ஹாக்கி ஆட வெளியில் உள்ள குளிரே ஐஸ் போட்டுக் கொடுத்தது. கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும். குளிர் பிந்தினால் சீசனும் பிந்தும். 1924ல் கனேடியன்ஸுக்குச் சொந்த அரங்கத்தில் ஐஸ் இன்னும் ஆகாததால், மரூன்ஸுக்காகப் புதிதாகக் கட்டிய ஃபோரம் அரங்கத்தில் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். அங்கே மெஷின் ஐஸ். பிற்பாடு ஃபோரம் என்றாலே கனேடியன்ஸ் என்று ஆகிவிட்டது, கட்டியது யாருக்கோ.

மெஷின் ஐஸைக் கனடாவுக்குள் கொண்டுவந்தவர்கள் லெஸ்டர் பேட்ரிக், ஃபிராங்க் பேட்ரிக் என்று அண்ணன் தம்பி. அப்பாவின் மரக்கம்பெனியை விற்ற காசில் 1911ல் மேற்குக் கரையில் வான்கூவர், விக்டோரியா இரண்டு ஊரிலும் அரங்கம் கட்டினார்கள். அந்தப் பக்கம் கடல் காற்று, மழை, மான்ட்ரியால் மாதிரி குளிர் கிடையாது, மெஷின் இல்லாமல் அங்கே ஹாக்கியே நடக்காது. தங்களுக்கென்று தனி லீகும் வைத்தார்கள். ஆடுகளத்தைப் பகுதிகளாகப் பிரிக்கிற நீலக் கோடு, பெனால்டி ஷாட், பந்தை முன்னால் பாஸ் செய்வது (பந்து இல்லை, ரப்பர் வட்டு, பக் என்பார்கள்), இதெல்லாம் அவர்கள் கொண்டுவந்ததுதான், என்.எச்.எல். பின்னால் எடுத்துக்கொண்டது.

வேலை செய்கிற விதம் எங்கள் பிளான்ட் போலத்தான். எங்களிடம் அமோனியா உப்புத்தண்ணீரைக் குளிர்விக்கும், அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய கேன்களை இறக்கினால் கட்டியாகும். அங்கே தொட்டிக்குப் பதில் கான்கிரீட் தரை. தரைக்குள் மைல் கணக்கில் குழாய், குழாயில் உறையாத உப்புக்கரைசலோ கிளைகாலோ ஓடும், மேலே தண்ணீரைப் பூப்போலத் தெளித்துத் தெளித்து அடுக்கு அடுக்காக உறைய வைப்பார்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம், கனம் ஒரு அங்குலம் சொச்சம்தான்! எங்கள் ஒரு கட்டியின் கனத்துக்குப் பக்கத்தில்கூட வராது. உள்ளே வெள்ளை பெயிண்ட் அடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது, இல்லையென்றால் தரைதான் தெரியும். எங்களுக்குத் தலைவலி உருகுவது, அவர்களுக்குத் தலைவலி ஈரக்காற்று. 1975 மே மாதம் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் பஃபலோவில், அரங்கத்தில் ஏசி இல்லை, வெளியே புழுக்கம், ஐஸுக்கு மேல் மூடுபனி கட்டி ஆட்டக்காரர்களுக்கு வட்டே தெரியவில்லை. அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுப் பனியைக் கலைத்தார்கள். அதே ஆட்டத்தில் உள்ளே பறந்துகொண்டிருந்த வௌவாலை ஒரு ஆட்டக்காரர் மட்டையால் அடித்துப் போட்டார். நம்பாவிட்டால் வீடியோ தேடிப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

ரொம்ப நன்றி. பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன். கமிட்டித் தலைவர் படித்துவிட்டு "இது வினாடி வினாவா, வம்சாவளியா" என்றார், ஆனால் பெண்ணுக்கு மார்க் உண்டு என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. பையனிடமிருந்து பிடுங்குவதா வேண்டாமா என்பதுதான் இப்போது பாக்கி.

இன்னொன்று. ஒட்டாவா 1934ல் ஊரைவிட்டுப் போனது என்கிறீர்கள், ஆனால் இன்றைய பட்டியலில் ஒட்டாவா செனட்டர்ஸ் இருக்கிறதே. என் மச்சினன் கனடாவிலிருந்து அனுப்பிய பனியனில் வின்னிபெக் ஜெட்ஸ் என்றிருக்கிறது, தேடினால் ஒரு இடத்தில் 1972, இன்னொரு இடத்தில் 1999 அட்லாண்டா என்று வருகிறது. அணி என்பது ஊரா, பெயரா, கம்பெனியா?

சித்தூர்ப் பொண்ணு, இப்போ வின்னிபெக்:

அண்ணா, நான் உங்கள் பக்கத்து ஊர்தான், பாலக்காட்டுச் சித்தூர். (புத்தூர் அண்ணா, உங்கள் சித்தூர் இல்லை.) இங்கே நர்ஸாக இருக்கிறேன். வார்டில் நோயாளிகளோடு பேச்சுக் கொடுக்கவேண்டும் என்றால் ஜெட்ஸ் பற்றித் தெரிந்திருக்கவேண்டும், அப்படிக் கற்றுக்கொண்டது.

அணி என்பது கம்பெனி. உரிமத்தை யார் வைத்திருக்கிறாரோ அவர் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், லீக் சம்மதித்தால் போதும். கணக்குவழக்கு, சாதனைகள் எல்லாம் உரிமத்தோடு போகும், ஊரோடு நிற்காது. ஒட்டாவாவின் இப்போதைய செனட்டர்ஸ் 1992ல் புதிதாக வந்தது. பழைய அணியின் பெயரை எடுத்துக்கொண்டது, உரிமத்தில் தொடர்பு கிடையாது.

ஜெட்ஸ் கதை இன்னும் சுற்று. 1972ல் என்.எச்.எல்.லுக்குப் போட்டியாக டபிள்யூ.எச்.ஏ. என்று ஒரு லீக் வந்தது. அதன் வின்னிபெக் அணிதான் முதல் ஜெட்ஸ். சிகாகோவின் பெரிய நட்சத்திரம் பாபி ஹல்லை, பத்து லட்சம் டாலர் கையெழுத்துப் பணம் கொடுத்து இழுத்தார்கள், இங்கே போர்ட்டேஜ், மெயின் தெருக்கள் சந்திக்கும் முக்கில் வைத்து ஊரே பார்க்கக் கையெழுத்துப் போட்டார். குளிர்காலத்தில் அந்த முக்கில் காற்றுக்கு எதிரே நின்றால்தான் தெரியும், நல்லவேளை அது ஜூன் மாதம். அந்த லீகில் டெட்ராய்டின் பழைய நட்சத்திரம் கோர்டி ஹோ தன் இரண்டு மகன்களோடு ஒரே அணியில் ஆடினார். 1979ல் டபிள்யூ.எச்.ஏ. படுத்தபோது எட்மன்டன், வின்னிபெக், கியூபெக், ஹார்ட்ஃபோர்டு என்று நான்கு அணிகளை என்.எச்.எல். சேர்த்துக்கொண்டது. அதுவும் சும்மா இல்லை. முதல் வாக்கெடுப்பில் தோற்றது, மான்ட்ரியால் எதிர்த்து வாக்களித்தது என்று தெரிந்ததும் மேற்குக் கனடாக்காரர்கள் அந்த அணியின் முதலாளியான மோல்சன் கம்பெனி பீரையே வாங்கமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் மான்ட்ரியால் வாக்கை மாற்றிக்கொண்டது. இதைச் சொல்லும்போது இங்குள்ள தாத்தாக்களுக்கு வரும் சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

1996ல் அந்த ஜெட்ஸ் அரிசோனாவுக்குப் போய் ஃபீனிக்ஸ் கொயோட்டீஸ் ஆனது. கனடா டாலர் மதிப்பு விழுந்திருந்தது, வருமானம் அந்த டாலரில், சம்பளமோ அமெரிக்க டாலரில், பழைய அரங்கம் வேறு. அதே காரணங்களால் முந்தின வருஷம் கியூபெக் அணி டென்வருக்குப் போய் கொலராடோ அவலாஞ்ச் ஆனது, போன முதல் சீசனிலேயே கோப்பை வாங்கியது. கியூபெக்காரர்கள் அந்த வருஷத்தை எப்படிக் கழித்தார்களோ.

2011ல் அட்லாண்டா திராஷர்ஸ் என்ற அணியை வாங்கி வின்னிபெக்குக்குக் கொண்டுவந்து ஜெட்ஸ் என்று மறுபடி பெயர் வைத்தார்கள். அதனால்தான் உங்கள் பனியனுக்கு இரண்டு பிறந்த வருஷம். திராஷர்ஸ் ஆடத் தொடங்கியது 1999. அட்லாண்டா பாவம், ஏற்கெனவே 1980ல் ஃபிளேம்ஸ் அணியைக் கால்கரிக்குப் பறிகொடுத்த ஊர், இரண்டு தடவையும் கனடாவே எடுத்துக்கொண்டது.

அரிசோனாவுக்குப் போன பழைய ஜெட்ஸ் என்ன ஆனது? அங்கே அரங்கம் கிடைக்காமல் கடைசியில் ஐயாயிரம் பேர்கூட முழுசாக உட்கார முடியாத பல்கலைக்கழக அரங்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024ல் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரையும் யூட்டா மாநிலத்துக்கு விற்றார்கள், ஆனால் பதிவேட்டில் யூட்டா புது அணி, கொயோட்டீஸ் முடங்கிய அணி. ஆள் முழுக்க இங்கே, வரலாறு மட்டும் அங்கே.

செக்போஸ்ட் சேட்டன்:

கணக்குவழக்கு உரிமத்தோடு போகும் என்றால் உரிமம் முடங்கினால் கோல் போட்டவன் கோல் யாருடைய கணக்கில்? இதைக் கேள்வியாக வைத்திருந்தால் ஓணம் முடிந்து விஷு வந்திருக்கும். என் ஓட்டு இதுதான்: இரண்டு பிள்ளைகளுக்கும் மார்க், இரண்டு முதல் பரிசு, இரண்டாவது கோப்பைக்கு மாஷ் காசு கொடுக்கட்டும்.

புத்தூர் ரயிலடி:

மாஷை விடுங்கள், பாவம்.

வாசகன் அண்ணா, ஆறு அணிக் காலத்தைப் பற்றி ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அதைப் பொற்காலம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஆட்டம் பொற்காலம்தான். மாரிஸ் ரிச்சர்டு, கோர்டி ஹோ, 1959ல் முகமூடி போடுவதை வழக்கமாக்கிய கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் எல்லாம் அந்தக் காலம். ஆனால் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுக்க ஆறே முதலாளிகள், அதில் நாரிஸ் குடும்பத்துக்கு ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளில் பங்கு. 1957ல் டெட்ராய்டின் டெட் லிண்ட்சே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் தொடங்கினார். அந்த வருஷமே அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள், சங்கமும் உடைந்தது. மறுபடி சங்கம் நிலைத்தது 1967ல்.

1967ல் ஒரே மூச்சில் ஆறு புது அணிகள்: லாஸ் ஏஞ்சலஸ், மினசோட்டா, ஓக்லண்ட், பிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க், செயின்ட் லூயிஸ். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 20 லட்சம் டாலர். புது ஆறையும் ஒரே பிரிவில் போட்டதால் அதில் ஒன்று கட்டாயம் இறுதிக்கு வரும். செயின்ட் லூயிஸ் மூன்று வருஷம் தொடர்ந்து வந்தது, மூன்றிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் தோற்றது. இன்று 32 அணிகள், கனடாவில் 7, அமெரிக்காவில் 25. 2021ல் வந்த சியாட்டில் கட்டியது 65 கோடி டாலர். அந்த சியாட்டிலுக்கு 1917லேயே ஸ்டான்லி கோப்பை உண்டு, பேட்ரிக் சகோதரர்களின் லீகில் ஆடிய அணி வாங்கியது. 1919 இறுதித் தொடரும் அங்கேதான் நடந்தது, ஸ்பானிஷ் ஃப்ளூவில் ஆட்டக்காரர்கள் படுத்து, கனேடியன்ஸின் ஜோ ஹால் இறந்து, கோப்பை யாருக்கும் இல்லாமல் முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

முடிவாகிவிட்டது. பெண்ணுக்கு மார்க், முதல் பரிசு அவள் அணிக்கு. பையனுடைய மார்க்கைப் பிடுங்கவில்லை, சொன்ன பெயர்கள் அட்டையில் இருந்தன என்பதால் அது நிற்கும், ஆனால் கேள்வியில் பிழையைக் காட்டியதற்கு அவளுக்கு ஒரு மார்க் கூட. சேட்டனுக்குத் திருப்தி இருக்காது, பரவாயில்லை.

பிள்ளைகள் இப்போது ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். நம் நேரத்துக்கு எப்போது வரும்?

சித்தூர்ப் பொண்ணு, இப்போ வின்னிபெக்:

சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கும், ஒரு அணிக்கு எண்பதுக்கு மேல் ஆட்டம், ஏப்ரல் வரை போகும், அப்புறம் 16 அணிகள் கோப்பைக்கு. டொரான்டோ, மான்ட்ரியாலில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை, நவம்பருக்குப் பிறகு ஐந்தரை. பெரிய ஆட்டங்கள் இங்கே சனிக்கிழமை ராத்திரி, அதாவது உங்களுக்கு ஞாயிறு காலை, பள்ளிக்கூடம் இல்லை. ஆங்கில வர்ணனை வேகமாக இருக்கிறது என்றால் பஞ்சாபி வர்ணனை 2008லிருந்து வருகிறது, புரியாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், 2016 இறுதியில் பிட்ஸ்பர்க்கின் போனினோ கோல் போட்டபோது அவர்கள் கத்திய கத்தலை வெள்ளைக்காரர்களே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். எந்த அணி என்று பிள்ளைகள் கேட்டால் டொரான்டோ மட்டும் வேண்டாம், 1967க்கு அப்புறம் கோப்பையே வாங்கவில்லை.

மார்த்தாண்டம் ஐஸ் பிளான்ட்:

நான் ஃபுளோரிடா பக்கம். இரண்டு அணி, வெயில் நம்ம ஊர் வெயில், கோப்பை 2020, 2021ல் டாம்பாவுக்கு, 2024, 2025ல் பாந்தர்ஸுக்கு. அந்த வெக்கையில் அந்த ஒரு அங்குலத்தை நிறுத்துகிற ஆளுக்கு எவ்வளவு சம்பளம் என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.